எதுவரை பொறுப்பது?

பொறுத்தார் பூமி ஆள்வார் என்ற பழமொழியைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் அறியும். காஞ்சிபுரத்தில் வாழ்கிறவர்களுக்கு அது பழமொழி மட்டுமன்று. ஊரின் கதையே அதுதான். ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தடியில் அம்பிகை மணலால் இலிங்கம் அமைத்துத் தவமிருந்தாள்; சோதிப்பதற்காக இறைவன் அனுப்பிய வெள்ளம் பெருகி வந்தபோதும் அவள் விலகி ஓடாமல் அந்த மணல் இலிங்கத்தைத் தழுவிக்கொண்டாள் என்று தலபுராணம் சொல்கிறது. இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் மனத்தில் ஒரு கணக்குத் தானாகவே படிந்துவிடுகிறது. வருத்தம் முன்னே வரும். வரம் பின்னே வரும். வருத்தம் மிகுந்தால், வரம் அருகில் வந்துவிட்டது என்று பொருள்.

கோயிலில் இந்தக் கணக்குச் சரியாக இருக்கலாம். நோய்ப்படுக்கையிலும் இது சரிதானா? மருந்து உண்ணத் தொடங்கிய பிறகு உடம்பு முன்னைவிட மோசமானால், நோய் தீர்வதன் அறிகுறி அது என்று எண்ணிப் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பதா? அல்லது மருந்தே பகை என்று தூக்கி எறிந்துவிடுவதா? மேலோடு பார்த்தால் இது வைத்தியர்கள் தீர்த்துக்கொள்ள வேண்டிய சங்கதி போலத் தோன்றும். ஆனால், ஒருவனுடைய துன்பத்துக்குப் பொருள் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு என்ற அறக்கேள்வி இதன் அடியில் கிடக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒருவரை வைத்து இதைச் சொல்கிறேன். பிள்ளையார்பாளையத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்கிறவர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஓராண்டுக் காலமாக அவருக்கு வயிறு சரியில்லை. சாப்பிட்ட அரைமணி நேரத்தில் உப்புசம். சில நாள் கழிச்சல், சில நாள் கட்டு. அதற்கு முன்னால் சளிக்கும் காய்ச்சலுக்குமாகப் பலமுறை ஆண்டிபயாட்டிக் மாத்திரைகள் சாப்பிட்டிருந்தார். யாரோ சொல்லி ஓரிடத்துக்குப் போனார். குடலில் ஈஸ்ட் மிஞ்சிப்போய்விட்டது என்று அங்கே சொன்னார்கள். ஒரு மாத்திரை, இரண்டு பொடி, கடுமையான பத்தியம் ஆகிய மூன்றும் ஒரே நாளில் தொடங்கின. சர்க்கரை, வெல்லம், பழம், இட்லி, தோசை, காப்பி எதுவும் கூடாது. சோறு ஒரு கைப்பிடி.

ஈஸ்ட் என்றதும் ஏதோ அந்நிய நஞ்சு என்று அஞ்ச வேண்டியதில்லை. அது பூஞ்சை இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர். வரதராஜப் பெருமாளுக்கு மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து மூங்கில் குடலையில் வேகவைத்து நிவேதிக்கிறார்களே, அந்த இட்லி மாவு புளிப்பதிலும் பாக்டீரியாக்களோடு ஈஸ்டுக்குப் பங்கு உண்டு. காண்டிடா என்ற வகை ஈஸ்ட், நோயற்ற பலருடைய வாயிலும் குடலிலும் சாதுவாகக் குடியிருக்கிறது. நீரிழிவு கட்டுக்கடங்காதவர்களுக்கும், எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கும், மருந்துகளால் குடலின் மற்றக் குடிகள் அழிந்துபோனவர்களுக்கும் அது அளவு மீறுவது உண்டு. சிறுகுடலில் பூஞ்சை பெருகுவதை, குழாய் செலுத்தி அங்குள்ள நீரை எடுத்து வளர்த்துப் பார்த்து உறுதி செய்கிறார்கள். நண்பருக்கு அந்தச் சோதனை நடக்கவில்லை. அவர் சொன்ன தொல்லைகளைக் கேட்டே முடிவு கட்டப்பட்டது.

மூன்றாம் நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. அடுத்த நாள் நெஞ்சு படபடத்தது. அதன்பின் கை நடுக்கம், தூக்கமின்மை, காரணம் தெரியாத ஒரு கிலி. இழை எண்ணி நெய்கிற கை, நாடாவைப் பிடிக்க முடியாமல் ஆடியது. போய்க் கேட்டபோது, "கிருமி செத்துக்கொண்டிருக்கிறது. சாகும்போது நஞ்சைக் கக்கும்; அது நரம்பைத் தாக்கும். நல்ல அறிகுறிதான், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று பதில் கிடைத்தது. பொறுத்தார். மூன்று வாரம் தறி கிடையாகக் கிடந்தது. கூலி இல்லை. ஒருநாள் மாலை என்னைப் பார்த்தபோது சொன்னார்: "தம்பி, பொறுத்துக்கினா எல்லாம் சரியாப் பூடும்னு சொல்றாங்க. எதுவரைக்கும் பொறுக்கணும்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டேன்றாங்க."

எத்தனையோ தத்துவ நூல்கள் சுற்றி வளைத்துக் கேட்பதை அவர் ஒரே வாக்கியத்தில் கேட்டுவிட்டார்.

சாகும் கிருமி உடம்பை வருத்தும் என்பது முழுக் கற்பனை அன்று. 1895-இல் ஆஸ்திரிய மருத்துவர் அடால்ப் யாரிஷும், 1902-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்து மருத்துவர் கார்ல் ஹெர்க்ஸ்ஹைமரும் இதைக் கண்டு எழுதிவைத்தார்கள். மேகநோயாளிகளுக்குப் பாதரச மருந்து கொடுத்தவுடன் அவர்கள் உடம்பிலிருந்த தடிப்புகள் ஆறுவதற்குப் பதிலாகச் சீறி எழுந்தன. இன்றும் மேகநோய்க்கோ எலிக்காய்ச்சலுக்கோ பென்சிலின் கொடுத்தால், சிலருக்குச் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சலும் தலைவலியும் உடல்வலியும் வருகின்றன. கிருமிகள் கூட்டமாக மடியும்போது உடம்பு கிளர்ந்தெழுகிறது. ஆனால் இந்த எதிர்வினையிடம் ஒரு நேர்மை இருக்கிறது. முதல் மருந்துக்குப் பின் குறித்த நேரத்தில் வருகிறது. பெரும்பாலும் ஒரு நாளைக்குள் போய்விடுகிறது. "எதுவரை?" என்ற கேள்விக்கு அது விடை சொல்லிவிடுகிறது.

குடல் ஈஸ்டுக்கு இந்தப் பெயரை இரவல் வாங்கியவர்கள் அந்த நேர்மையை மட்டும் வாங்க மறந்துவிட்டார்கள். சோர்வு, தலைவலி, மனவாட்டம் முதலிய எத்தனையோ தொல்லைகளுக்கு ஈஸ்டே காரணம் என்ற கருத்தை அமெரிக்காவில் 1970-களின் இறுதியில் ஓரியன் டிரஸ் என்ற மருத்துவர் எழுதத் தொடங்கினார். வில்லியம் குரூக் என்ற மருத்துவர் 1983-இல் வெளியிட்ட நூல் அதை வீடுதோறும் கொண்டுபோனது. அக்கருத்தை உரைத்துப் பார்த்தவர்களும் உண்டு. நிஸ்டாட்டின் என்பது எலிசபெத் ஹேஸன், ரேச்சல் பிரவுன் என்ற இரு பெண் விஞ்ஞானிகள் 1950-இல் உலகுக்கு அறிவித்த பூஞ்சை மருந்து. அவர்கள் பணிசெய்த நியூயார்க் மாநிலத்தின் பெயரை ஒட்டியே அதற்குப் பெயர் வைத்தார்கள். விழுங்கினால் குடலுக்குள்ளேயே நின்று வேலை செய்யும்; இரத்தத்தில் ஏறக்குறையக் கலப்பதே இல்லை. 1990-இல் அலபாமா மருத்துவர்கள் 42 பெண்களுக்கு இம்மருந்தையும் வெறும் மாத்திரையையும், எது எது என்று கொடுப்பவரும் உண்பவரும் அறியாதபடி மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். உடம்பு முழுவதும் பரவிய தொல்லைகளைக் குறைப்பதில், மருந்து வெறும் மாத்திரையை வெல்லவில்லை. வெறும் மாத்திரை உண்டபோதும் அவர்களுக்குக் குணம் தெரிந்தது. செத்த குடல் ஈஸ்டின் நஞ்சு வாரக்கணக்கில் நரம்பைத் தாக்கும் என்ற பேச்சுக்கும் உறுதியான சான்று இல்லை.

நான் மருத்துவன் அல்லன், கதை எழுதுகிறவன். எந்த நிகழ்ச்சி நடந்தாலும் பொருந்திவிடுகிற முடிவு, முடிவே அல்ல என்பது எங்கள் தொழிலில் தெரிந்த சங்கதி. உடம்பு தேறினால் மருந்து வேலை செய்கிறது. உடம்பு கெட்டால் மருந்து இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்று ஒருவர் சொல்வாரானால், அவர் தோற்கவே முடியாத ஆட்டத்தை ஆடுகிறார். தோற்பதற்கு நோயாளி ஒருவன்தான் மிஞ்சியிருக்கிறான். இதில் மருத்துவப் பிழையைக் காட்டிலும் அறப்பிழை பெரிது. "வலிக்கிறது" என்று ஒரு மனிதன் முறையிடுகிறான். அந்த முறையீட்டையே தமக்குச் சாதகமான சாட்சியாக மாற்றிக்கொள்வது அவனுடைய வாயைப் பொத்துவதற்குச் சமம். அவன் எவ்வளவுக்கு உரக்க அழுகிறானோ அவ்வளவுக்கு அவன் சொல் மதிப்பிழந்துபோகிறது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "சோதனையில் ஒன்றுமில்லை, எல்லாம் உன் மனப்பிரமை" என்று கையை விரிப்பது. முன்னவர் வலிக்குப் பொய்யான பொருள் கொடுக்கிறார். பின்னவர் வலியே பொய் என்கிறார். இருவரும் காதுகொடுத்துக் கேட்கவில்லை என்பதில் ஒன்றுதான்.

வயிற்றுக்கும் நரம்புக்கும் உள்ள உறவு பிரமை அன்று. குடற்சுவருக்குள் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் பின்னிக் கிடக்கின்றன. குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை, மூளையின் கட்டளையை வயிற்றுக்குக் கொண்டுவருவதற்காக அல்ல. வயிற்றின் செய்தியை மூளைக்குக் கொண்டுபோவதற்காக ஏற்பட்டவை. நம்முடைய மொழி இதை முன்பே அறிந்து வைத்திருந்ததோ என்னவோ! அச்சம் வந்தால் வயிற்றைக் கலக்குகிறது என்கிறோம். கெட்ட செய்தி வயிற்றில் புளியைக் கரைக்கிறது. பிறர் வாழ்வு பொறுக்காவிட்டால் வயிறு எரிகிறது. பிள்ளையைக் காணவில்லை என்றால் பெற்ற வயிறு துடிக்கிறது. வயிறு கெட்டவனுக்கு நெஞ்சு படபடப்பதும், கிலி பிடித்தவனுக்கு வயிறு கெடுவதும் ஒரே கயிற்றின் இரு நுனிகள்.

அதனால்தான் சொல்லும் ஒரு மருந்தாகிறது. சில சமயம் நஞ்சும் ஆகிறது. வெறும் மாத்திரையால் நலம் தோன்றுவது போல, "உனக்கு இன்னின்ன தொல்லை வரும்" என்று முன்கூட்டிச் சொன்னதாலேயே அவை வருவதும் உண்டு. அதற்கு 1961-இல் நொசீபோ என்ற பெயரும் வைத்துவிட்டார்கள். அப்படி வரும் வலி நடிப்பு அன்று, உண்மையான வலிதான். நரம்பு கலங்கும் என்று சொல்லிவிட்டு ஒருவரை வீட்டுக்கு அனுப்பினால், அன்றிரவு அவர் தம்முடைய நாடியை எண்ணிக்கொண்டே விழித்திருப்பார். விழித்திருப்பவருடைய நாடி வேகமாகத்தான் ஓடும்.

நண்பரைக் கடைசியில் அவர் மனைவிதான் பிடிவாதமாக ஒரு பொது மருத்துவரிடம் அழைத்துக்கொண்டு போனாள். அந்த மருத்துவர் பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. என்னென்ன உண்கிறீர்கள், எந்த நாளில் எது தொடங்கியது, எந்த வேளையில் நடுக்கம் வருகிறது என்று வரிசையாகக் கேட்டார். பல காலமாக நாளைக்கு நான்கு வேளை காப்பி குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தியிருக்கிறார்; அப்படி நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளில் தலைவலி உச்சத்துக்கு வந்து ஒரு வாரம் வரைகூட நீடிக்கலாம். கைப்பிடிச் சோற்றோடு விடியற்காலையிலிருந்து இருந்திருக்கிறார். பசித்த உடம்பு நடுங்கும், வியர்க்கும், படபடக்கும். இரத்தத்தில் கலக்கும் பூஞ்சை மாத்திரைகளுக்குத் தலைவலியும் தலைசுற்றலும் தெரிந்த பக்கவிளைவுகள். வேறு மருந்தோடு சேர்ந்தால் சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கையே அவை கெடுத்துவிடும். பொடிகளில் என்ன இருந்தது என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. மருத்துவர் பொடிகளை நிறுத்தினார். வேளைக்குச் சோறு உண்ணச் சொன்னார். மாத்திரை தேவையா என்பதைச் சோதனைக்குப் பிறகு முடிவு செய்வோம் என்றார். நடுக்கம் சில நாளில் அடங்கியது. வயிற்று உப்புசம் முழுவதும் தீர்ந்துவிடவில்லை. அதற்குச் சிகிச்சை நடக்கிறது. கதையாக இருந்தால் நான் அதையும் தீர்த்து வைத்திருப்பேன்.

அப்படியானால், மருந்தின் நடுவில் நரம்பு துன்புற்றால் மருந்தை எறிந்துவிடுவதுதான் அறிவா? அதுவும் அன்று. இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போகவேண்டாம். பாலாற்றின் போக்கிலேயே கிழக்கே போனால் செங்கல்பட்டு. 2019 வரை காஞ்சிபுரத்தோடு ஒரே மாவட்டமாக இருந்த ஊர். அங்கே திருமணியில் தொழுநோயாளிகளுக்காக 1920-களில் தோன்றிய லேடி வில்லிங்டன் மருத்துவமனை, 1955-இல் மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையமாயிற்று. 1940-களில் ராபர்ட் காக்ரேன் அங்கே சல்போன் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். 1946-இல் வேலூருக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், செங்கல்பட்டில் கண்ட மடங்கிய கைகளைப் பார்த்துத்தான் அவற்றை நிமிர்த்தும் வேலையில் இறங்கினார்.

தொழுநோய்ச் சிகிச்சையில் எதிர்வினை என்பது பேச்சளவில் நிற்பதன்று. கிருமி மடிந்துகொண்டிருக்கும் காலத்திலேயே உடம்பின் எதிர்ப்பாற்றல் சீறி எழுந்து நரம்புகளை வீங்கச் செய்கிறது. முழங்கை நரம்பு புடைத்து வலிக்கும். இதைப் பொறுத்துக்கொண்டால் என்ன ஆகும்? நரம்பு செத்துவிடும், சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கிப்போகும். அந்த வேளையில் பொறுமை கையையே விலையாகக் கேட்கிறது. சரி, மருந்தை நிறுத்திவிட்டால்? நோய் திரும்பி வரும். ஆகவே அங்குள்ள மருத்துவ விதி மூன்றாவது வழியைச் சொல்கிறது: 1981-இல் உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த கூட்டு மருந்தை நிறுத்தாதே, வலியை அன்றே வந்து சொல், நரம்பின் வீக்கத்துக்குத் தனியாக ஸ்டீராய்டு மருந்து தருகிறோம். அந்நோயாளிகளிடம் எதிர்பார்க்கும் நற்குணம் தாங்குவது அன்று, சொல்வது. வலியே தெரியாமல் போனதால் விரல்களை இழந்தவர்களிடையே வாழ்ந்த பிராண்ட், பிற்காலத்தில் வலியை ஒரு கொடை என்றே எழுதினார். கொடை என்றது அதைச் சேர்த்து வைத்துக்கொள்வதற்காக அன்று. அது சொல்லும் செய்தியைக் கேட்பதற்காக.

நெசவாளர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. நெய்யும்போது இழை அறுந்தால், சேலை வளர்வதற்கு அது நல்ல அறிகுறி என்று எவரும் மேலே நெய்துகொண்டு போவதில்லை. இழை அறுந்துவிட்டதே என்று பாவையே வெட்டி எறிவதும் இல்லை. கையை நிறுத்தி, அறுந்த இடத்தைத் தேடி, முடிந்துவிட்டு, மறுபடி நெய்கிறார்கள். சிகிச்சையும் அப்படித்தான் நடக்க வேண்டும்.

ஆகையால் "எதுவரை பொறுப்பது?" என்ற கேள்விக்கு விடை உண்டு. ஒரு மருந்தைத் தொடங்கும்போதே கேட்டுவிட வேண்டும்: என்ன வரலாம், எத்தனை நாளில் போக வேண்டும், போகாவிட்டால் யாரிடம் சொல்வது? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாமல் பொறுமையை மட்டும் கேட்பவருக்கு நாம் பொறுமையைக் கடன்பட்டிருக்கவில்லை. ஒரே நாளில் மூன்று மாற்றம் செய்தால் எது நல்லது செய்தது, எது கெடுத்தது என்று பிரம்மனாலும் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். தொல்லை வந்த நாளையும் வேளையையும், அதற்கு முன் உண்டதையும் ஒரு நோட்டில் குறித்து வைப்பது நல்லது. எழுதிய வலி, எழுதாத வலியைப் போல இரவில் வளர்வதில்லை. நெஞ்சு படபடக்கும்போது மூச்சை மெதுவாக, உள்ளே இழுப்பதைவிட நீளமாக வெளியே விட்டுப் பார்க்கலாம். கிலி சற்றுத் தணியும். மயக்கம், மூச்சுத் திணறல், மார்பு வலி, உடம்பில் தடிப்பு, கண் மஞ்சளாதல், புத்தி தடுமாறுதல் ஆகியவை வந்தால் அங்கே பொறுமைக்கு ஒரு வேளைகூட இடம் இல்லை; உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

வள்ளுவர் பொறையுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அது பிறர் செய்த தீங்கைப் பொறுப்பது பற்றியது. மருந்துக்கு வேறோர் அதிகாரம் வகுத்து, அதைப் பொருட்பாலில் வைத்தார். அங்கே அவர் பெரும்பாலும் பேசுவது அளவறிந்து உண்பதைப் பற்றி. வலியைத் தாங்குவதைப் பற்றி அன்று. மருத்துவத்தின் நான்கு உறுப்புகளை எண்ணுகிற இடத்தில் வைத்தியனுக்கும் மருந்துக்கும் முன்னால், முதல் ஆளாக நோயாளியை நிறுத்துகிறார். தன் உடம்பைப் பற்றிப் பேசும் உரிமையில் அவன்தான் முதல்வன் என்று நான் அதற்குப் பொருள் கொள்கிறேன்.

மணிமேகலைக் காப்பியத்திலும் காஞ்சி வருகிறது. மழை பொய்த்துப் பசியில் வாடிய இந்த நகரத்துக்கு அமுதசுரபியோடு வந்த மணிமேகலை, பசித்தவர்களைப் பார்த்து, இது உங்கள் வினைப்பயன் என்றோ, இதுவும் ஒரு தவம் என்றோ சொல்லவில்லை. முதலில் சோறு போட்டாள். அறவண அடிகளிடம் அவள் தத்துவம் கேட்டது அதற்குப் பிறகுதான். பசியைப் போலத்தான் வலியும். முதலில் அதைக் கேட்டுத் தீர்க்கப் பார்ப்போம். அதற்கு என்ன பொருள் என்பதை, வலி நின்ற பிறகு ஆற அமர உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.